கைலாயமா, கேதாரமா, முக்திநாத்தா? திருகோணமலையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டி மான்கள் நிற்கிற இடத்தில், இந்த வருடத்தில் மட்டும் நாலைந்து பேர் என்னை மறித்துக் கேட்டுவிட்டார்கள். "தம்பி, ஒருக்கா கைலாசம் பாத்திட்டு வரலாமெண்டு யோசிக்கிறம். எந்த ஏஜென்சி நல்லம்? எவ்வளவு முடியும்?"

தட்சிண கைலாயம் என்று பெயர்பெற்ற திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வட கைலாயத்தின் மேல் ஆசை வருவது இயற்கை. ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு: கோணேச்சரமும் கேதீச்சரமும். வடக்கே இமயத்திலும் திருக்கேதாரம், நொடித்தான்மலை என்று பெயர் சொல்லிப் பாடிவைத்திருக்கிறார்கள். நொடித்தான்மலை என்பது கைலாயம்தான். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பெயர்கள் இவை. ஆனால் என்னிடம் கேட்ட யாருமே "எந்த இரவு எந்த உயரத்தில் படுப்போம்?" என்று கேட்கவில்லை. உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நான் இந்தியாவின் கேதாரம், திபெத்தின் கைலாயம், நேபாளத்தின் முக்திநாத் மூன்றுக்கும் போய் வந்தவன். கைலாயப் பயணத்தில் பெரியம்மாவை இழக்கப் பார்த்தோம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். உயர நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தொடங்குகிறது. எங்கள் தீவின் உச்சி பீதுருதாலகாலை 2,524 மீற்றர். நுவரெலியா 1,868, சிவனொளிபாதமலை 2,243. அதாவது எங்கள் நாடு முடிகிற உயரத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. "நான் நாலு தரம் சிவனொளிபாதம் ஏறினனான், எனக்கு ஒண்டும் வராது" என்று சொல்கிறவர் தன் காலைப் பற்றித்தான் சொல்கிறார். இரத்தமும் மூளையும் அந்த உயரத்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பது இலங்கையை விட்டு வெளியே போகாத ஒருவருக்குத் தெரிய வழியில்லை. உடற்பயிற்சியும் இதற்குக் காவல் கிடையாது. நன்றாக நடக்கிற இளம் பொடியன்தான் வேகமாக ஏறி முதலில் விழுவான்.

காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கேயும் 21 வீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது குறைகிறது. முக்திநாத்தில் கடற்கரையில் கிடைப்பதன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு, கைலாயத்துக்குப் பக்கத்திலுள்ள மானசரோவர் ஏரியில் ஏறத்தாழ 57 வீதம், கைலாய வலத்தின் உச்சியான டோல்மா கணவாயில் பாதி. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நாள் எடுக்கும். எங்கள் ஊரில் சிலிண்டர் போட்டுக் கடலட்டை பிடிக்க இறங்குகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், தெரியாமல் கைகால் இழந்தவர்களையும் அவர்கள் அறிவார்கள். அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் வேறு வேறு நோய். ஆனால் அழுத்தம் மாறும்போது அவசரப்படக்கூடாது என்ற பாடம் ஒன்றுதான்.

மருத்துவர்கள் சொல்கிற கணக்கு எளிது. 3,000 மீற்றருக்கு மேலே போனபின், படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போனாலும் இரவு இறங்கிப் படுத்தால் நல்லது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தலங்களையும் பார்ப்போம்.

கைலாயத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் ஆசை அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். மலை 6,600 மீற்றருக்கு மேல். அதன் மேல் யாரும் ஏறுவதில்லை, சுற்றித்தான் வருவது. வலம் 52 கிலோமீற்றர், மூன்று நாள். தொடங்கும் இடமான தார்சென்னே 4,600 மீற்றரை ஒட்டியது. இரண்டாம் நாள் 5,630 மீற்றர் உயரத்து டோல்மா கணவாயைக் கடக்க வேண்டும். தனியாகப் போக முடியாது, அனுமதிப் பத்திரம் முகவர் மூலம்தான். எங்கள் ஆட்கள் போவதற்கு மூன்று வழி.

ஹெலிகொப்டர் வழியைத்தான் முகவர்கள் வயதானவர்களுக்கு விற்கிறார்கள். "அம்மாவுக்கு நடக்க ஏலாது, ஹெலிகொப்டரில போறது சுகம்" என்று பிள்ளைகளும் நம்பிக் காசு கட்டுகிறார்கள். பாதையைப் பாருங்கள்: நேபாளத்தின் நேபாள்கஞ்ச் ஏறத்தாழ 150 மீற்றர், வெக்கையில் எங்கள் ஊர் மாதிரித்தான். அங்கிருந்து சிறிய விமானத்தில் சிமிகோட், 2,900 மீற்றர். அங்கிருந்து ஹெலிகொப்டரில் ஹில்சா, 3,600க்கு மேல். பாலம் கடந்தால் திபெத், புராங், ஏறத்தாழ 3,900. காலநிலை நல்லதாக இருந்தால் இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதாவது காலநிலை நல்லதாக இருப்பதே உடம்புக்குக் கெட்டது. காலநிலை கெட்டால் வேறு துன்பம். 2018 யூலை தொடக்கத்தில் மழையாலும் மூட்டத்தாலும் விமானங்கள் நின்று, 1,500க்கு மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் திபெத் பக்கத்திலும் மாட்டிக்கொண்டார்கள். முழங்கால் வலிக்காரருக்கு ஹெலிகொப்டர் உதவும் என்பது உண்மை. நுரையீரலுக்கும் மூளைக்கும் அது உதவாது. மூன்று வழியிலும் இதையே நான் கடைசியில் வைக்கிறேன்.

இரண்டாவது, காத்மாண்டுவிலிருந்து கேருங் எல்லை வழியாகத் தரை வழி. நாங்கள் 2019இல் போனது இதில்தான். காத்மாண்டு 1,400 மீற்றர். எல்லையைக் கடந்தால் கேருங், 2,800 மீற்றர், பைன் மரமும் ஆற்றுச் சத்தமுமாக நல்ல இடம். அங்கிருந்து அடுத்த தங்கல் சாகா, 4,500 மீற்றர். ஒரே நாளில் படுக்கை 1,700 மீற்றர் உயர்கிறது. மேலே சொன்ன 500 மீற்றர்க் கணக்கை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான பயணத் திட்டங்களில் கேருங்கில் இரண்டு இரவு போட்டிருப்பார்கள். எங்கள் திட்டத்திலும் இரண்டு என்றுதான் இருந்தது. எல்லையில் ஒரு நாள் தாமதமானதும், அதை ஈடுகட்ட முகவரின் ஆள் ஓர் இரவை வெட்டிவிட்டார். ஆட்சேபித்திருக்க வேண்டும். எல்லாரும் "கெதியாப் போவம்" என்ற மனநிலையில் இருந்தோம்.

சாகாவில் இரவு பதினொன்றரை மணி. பெரியம்மாவும் நானும் ஒரே அறை. அவ எழும்பி சுவெற்றரைப் போட்டுக்கொண்டிருந்தா. உள்பக்கம் வெளியே இருந்தது, பொத்தான் ஒன்றுவிட்டு ஒன்றில் மாட்டியிருந்தது. "தம்பி, கடல் இரையிற சத்தம் கேக்குது, கதவைச் சாத்து" என்றா. வெளியே காற்று. உட்துறைமுக வீதியில் நாற்பது வருடம் கடல் சத்தத்தோடு தூங்கியவ. நான் முதலில் சிரிக்கப் பார்த்தேன், பிறகு வயிறு குளிர்ந்துவிட்டது. விடுதி நடைபாதையில் தரை ஓடுகளுக்கு இடையில் ஒரு நேர்கோடு இருந்தது. குதிக்காலை மற்றக் கால் விரலோடு ஒட்டி ஒட்டி அந்தக் கோட்டில் நடக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டா. கேட்டால், முதல்நாள் காலையிலிருந்தே தலையிடியும் சத்தி வருகிற மாதிரியுமாம். "ஏன் சொல்லேல்லை?" என்றதற்கு, "என்னால உங்களுக்கெல்லாம் கரைச்சலாப் போயிடும்" என்றா.

வழிகாட்டி ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விடியட்டும் பார்ப்போம் என்றார். எங்களோடு ஒரு வைத்தியர் தம்பி வந்திருந்தது பெரியம்மாவின் நல்ல காலம். மூளையில் நீர் கோத்தால் விடியும்வரை பார்ப்பது கிடையாது, இப்போதே இறக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். தன்னிடமிருந்த டெக்சாமெதசோன் மருந்தைக் கொடுத்தார். வாகனம் கிளம்ப ஒன்றரை மணி ஆனது. அப்போதுதான் அந்த வழியின் பொல்லாத இரகசியம் எங்களுக்கு விளங்கியது. சாகாவிலிருந்து கேருங்குக்கு இறங்க வேண்டுமானால் முதலில் 5,000 மீற்றருக்கு மேலான ஒரு கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். இறங்குவதற்கு ஏற வேண்டும். மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, நான் அவவின் கையைப் பிடித்தபடி, அந்தக் கணவாயைக் கடந்தோம். கேருங் பள்ளத்தாக்கில் மரங்கள் தெரியத் தொடங்கியபோது நன்றாக விடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் "சுவெற்றர் ஏன் மாறிக் கிடக்குது?" என்று அவவே கேட்டா. அந்தக் கேள்வியைக் கேட்டு நான் அழுதது வாகன ஓட்டிக்கு விளங்கியிருக்காது.

இன்னொன்றும் அன்று கற்றோம். காத்மாண்டுவில் எடுக்கும் சீன விசா கூட்டத்துக்கு ஒன்றாக, ஒரே தாளில் வருவது. ஒருவர் மட்டும் நடுவில் திரும்புவதென்றால் அந்தத் தாளைப் பிரிக்கிற அலுவல் இருக்கிறது. காசு கட்டுமுன் முகவரிடம் கேளுங்கள்: ஒருவர் பாதியில் திரும்பினால் தாளுக்கு என்ன செய்வீர்கள், வாகனம் எது, கூட யார் போவார், செலவு யாருடையது? மழுப்பினால் அடுத்த முகவரைப் பாருங்கள். பயணக் காப்புறுதி எத்தனை மீற்றர்வரை செல்லும் என்றும் வாசித்துப் பாருங்கள், பல காப்புறுதிகளில் உயர எல்லை சின்ன எழுத்தில் இருக்கும். வீதியும் நிச்சயமில்லை. 2025 யூலை 8ஆம் திகதி போட்டேகோசி ஆற்று வெள்ளம், கேருங் வழியின் எல்லையான ரசுவாகடியில் எல்லைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது.

மூன்றாவது, லாசா வழி. லாசா 3,650 மீற்றர், விமானத்தில் நேரே போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் தலையிடி நிச்சயம் போல. ஆனால் அங்கே மூன்று நான்கு இரவு தங்கி, பிறகு 3,800 மீற்றரில் சிகாட்சே, அதன்பின் சாகா என்று போனால் படுக்கை மெல்ல மெல்ல உயர்கிறது. வழியில் பெரிய ஊர்கள், பெரிய ஆஸ்பத்திரிகள். சினிங்கிலிருந்து ரயிலிலும் வரலாம். 2006இல் திறந்த அந்தப் பாதை 5,072 மீற்றர்வரை ஏறுகிறது, பெட்டிக்குள் ஒட்சிசன் விடுகிறார்கள். நாளும் காசும் கூடுதலாகப் போகும், எங்கள் ஆட்களில் பலருக்கு அது கட்டாது. கட்டுகிறவர்களுக்குக் கைலாயத்துக்கு இதைவிட நிதானமான வழி இல்லை. கட்டாதவர்கள் கேருங் வழியில் போகலாம், ஒரு நிபந்தனையோடு: கேருங்கில் மூன்று இரவு, சாகாவில் இரண்டு. திட்டத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தாமதம் வந்தாலும் அந்த இரவுகளை வெட்டுவதில்லை என்பதையும் சேர்த்து.

2026 திபெத்தியக் கணக்கில் குதிரை ஆண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஆண்டில் ஒரு வலம் பல வலத்துக்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டம் கூடினால் அறை கிடைக்காது, அறை கிடைக்காவிட்டால் "இண்டைக்கே மேல போவம்" என்று தள்ளுவார்கள். முதல் தரம் போகிறவர்கள் வேறு வருடம் பார்ப்பது நல்லது.

வலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுவதும் சுற்றாவிட்டால் பலன் இல்லை என்று யாரோ எங்கள் ஆட்களின் மனதில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். கைலாயத்தின் வடமுகத்தை மிக அருகில் பார்ப்பது முதல் நாள் முடிவில், திராபுக்கில். அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். வலம் தொடங்கும் வாசலான யம துவாரத்தோடு திரும்புகிறவர்களும் உண்டு. குதிரை எடுத்தாலும் டோல்மாவுக்கு அப்பால் இறக்கத்தில் இறங்கி நடக்கத்தான் வேண்டும். அப்பர் சுவாமிகள் கைலாயம் நோக்கி நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, ஊர்ந்துபோன கதை எங்களுக்குத் தெரியும். அவரையே பாதி வழியில் திருப்பி, திருவையாற்றில் காட்சி கொடுத்ததாகத்தான் பெரிய புராணம் சொல்கிறது. அறுபது தாண்டியவர்கள் திராபுக்கோடு திரும்பலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

சரி, கேதாரம். உயரம் 3,583 மீற்றர், கைலாய வலம் தொடங்கும் தார்சென்னை விட ஆயிரம் மீற்றர் கீழே. பேச்சுத் துணைக்கு இந்தியாவிலிருந்து வரும் தமிழ்க் கூட்டங்கள், சோறு, எல்லாம் பழகின மாதிரி. ஆனால் ஏற்றம் கடுமை. கௌரிகுண்டம் 2,000 மீற்றரை ஒட்டியது, அங்கிருந்து 16 கிலோமீற்றர் நடந்து ஒரே நாளில் 1,600 மீற்றர் ஏறி, அன்றிரவு மேலேயே படுக்கிறார்கள். தலையிடியோடு நடுங்கிக்கொண்டு நான் அந்த இரவைக் கழித்தேன். ஆனால் ஒரு பெரிய வசதி: கஷ்டமானால் இறங்கலாம், நேரே இறக்கம்தான், நடுவில் கணவாய் கிடையாது. வழியில் மருத்துவ உதவி நிலையங்களும் உண்டு. குப்தகாசியில் ஓர் இரவு, கௌரிகுண்டத்திலோ சோன்பிரயாக்கிலோ ஓர் இரவு என்று படுத்து, மேலே ஒரே ஓர் இரவு மட்டும் தங்கி இறங்கினால் ஓரளவு நல்ல உடம்புக்காரருக்குத் தாங்கும்.

ஹெலிகொப்டரில் போய் அன்றே திரும்புகிறவர்களுக்கு உயர நோய் வரும் வாய்ப்புக் குறைவு, மேலே நிற்பது சில மணி நேரம்தானே. அங்கே பயம் ஹெலிகொப்டரைப் பற்றியது. 2025 யூன் 15ஆம் திகதி கேதாரத்திலிருந்து திரும்பிய ஹெலிகொப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மூட்டம் இருந்தால் "இல்லை, நாளைக்குப் போறம்" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். 2013 யூன் வெள்ளத்தைக் கண்ட பள்ளத்தாக்கு அது. மழைக்காலத்தில் போவதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். மே அல்லது மழை விட்டபின் ஒக்டோபர். பதிவு இல்லாமல் விடமாட்டார்கள், அதை முதலே செய்யுங்கள்.

முக்திநாத்துக்கு வருவோம். முதல் தரம் உயரத்துக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் நான் சொல்வது இதைத்தான். 3,700 மீற்றர் உயரம், கேதாரத்தை விடக் கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் ஏன் இது? படுக்கிற கணக்கை நாமே போட முடியும் என்பதால். பொக்கரா 800 மீற்றர். அங்கிருந்து ஜீப்பில் வந்து தாதோபானியில், 1,200 மீற்றரில், வெந்நீர் ஊற்றுப் பக்கத்தில் ஓர் இரவு. கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் உடனே பிடித்துவிடும். அடுத்த இரவு மார்பாவிலோ ஜொம்சொம்மிலோ, 2,700 மீற்றரில். அங்கே இரண்டாவது இரவும் தங்குங்கள். பிறகு காலையில் முக்திநாத் போய், கும்பிட்டு, மத்தியானமே இறங்கி ஜொம்சொம்மில் படுக்கலாம். ஒரு நாளும் 3,000 மீற்றருக்கு மேல் படுக்காமலே தரிசனம் முடிந்துவிடுகிறது. கைலாயத்தில் இப்படி ஒரு வழியே கிடையாது.

நான் 2023இல் அம்மாவை இப்படித்தான் கூட்டிப்போனேன். 67 வயது, பிரெஷருக்குக் குளிசை எடுக்கிறவ. ராணிபவ்வாவிலிருந்து கோயிலுக்கு ஏறும் படிகளில் பத்துப் படிக்கு ஒருமுறை நின்றா. நிற்கும்போதெல்லாம் நானும் நின்றேன், அவசரப்படுத்தவில்லை. ஜொம்சொம்முக்குப் பொக்கராவிலிருந்து சிறிய விமானமும் உண்டு, காலையில் மட்டும். பதினொரு மணிக்குப் பிறகு காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்கு எங்கள் கச்சான் காற்று பச்சைப் பிள்ளை. 2022 மே மாதம் அந்த வழியில் சிறிய விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். வீதி குலுங்கும், தூசி பறக்கும், இடுப்பு வலிக்கும். ஆனாலும் போகும்போது வீதியில் போவதுதான் உடம்பு பழகவும் நல்லது. நேபாளத்தில் எங்களைப் போன்ற சார்க் நாட்டவர்களுக்கு, ஒரு வருடத்தில் முதல் தரம் போகும்போது 30 நாள் விசாவுக்குக் கட்டணமும் இல்லை. ஒன்று மட்டும்: மலையேறும் கூட்டங்கள் மறுபக்கத்திலிருந்து 5,416 மீற்றர் தோரோங் கணவாய் வழியாக முக்திநாத்துக்கு இறங்குவதைப் பார்த்து, நாமும் அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறிப் பார்ப்போம் என்று கிளம்ப வேண்டாம். 2014 ஒக்டோபரில் அந்த வட்டாரத்தில் அடித்த பனிப்புயலில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

முக்திநாத்தில் 108 தாரை வரிசையாக விழுகிறது. ஐஸ் தண்ணீர். எல்லாத் தாரைக்கும் கீழே ஓடிவிட்டுக் குளத்திலும் முழுகுகிறார்கள். இதய வருத்தம், பிரெஷர் உள்ளவர்கள் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், போதும். அம்மா அப்படித்தான் 108க்கும் செய்தா. கீழே காக்பேனியில், ஆற்றங்கரையில், பிதிர் காரியம் செய்யும் வழக்கமுண்டு. கடல் கொண்டுபோன தன் தம்பிக்கு அம்மா அங்கே எள்ளும் தண்ணீரும் இறைத்தா. அந்த அரை மணி நேரத்துக்காகவே அவ இன்றைக்கும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறா.

நடத்தை விடயத்தில் மூன்று இடமும் ஒரே மாதிரி இல்லை. கேதாரத்தில் நாம் கோயிலுக்குப் போகிற கோயில்காரர்கள்தான். கோவேறு கழுதைகள் வரும்போது மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். முக்திநாத் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் பொது, பிக்குணிகளும் அங்கே பணி செய்கிறார்கள். எங்கள் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அது கண்ணுக்கு ஒரு நல்ல காட்சி. கைலாயத்தில் நாம் இன்னொருவர் வீட்டுக்குப் போகிற விருந்தாளிகள். திபெத்தியர்கள் விழுந்து விழுந்து கும்பிட்டபடி 52 கிலோமீற்றரும் வருவார்கள். அவர்களைத் தாண்டிக் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள், முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். மந்திரம் செதுக்கிய கற்குவியலை வலப்பக்கமாக வைத்துச் சுற்றுங்கள், அதில் உட்காராதீர்கள், ஒரு கல்லைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். இடமாகச் சுற்றி எதிரே வருகிறவர்கள் 'பொன்' என்ற திபெத்தியச் சமயத்தவர்கள். அவர்களுடைய முறை அது, "பிழையாச் சுத்துறார்" என்று யாரும் திருத்தப் போக வேண்டாம். சோதனைச் சாவடி, இராணுவம் இவற்றைப் படமெடுக்காதீர்கள். தலாய் லாமாவின் படம் கைப்பையிலும் போனிலும் இருக்கக்கூடாது. நம்மால் வழிகாட்டிக்கு வரும் ஆபத்து நமக்கு வருவதை விடப் பெரிது. காரைக்கால் அம்மையார் அந்த மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்ததாகச் சொல்வார்கள். நாம் குறைந்தபட்சம் பிஸ்கட் உறையைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம்.

எங்கள் ஆட்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. விடுதி அறைக்குள் கற்பூரம் கொளுத்தாதீர்கள். பக்கத்தில் யாராவது ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து வைத்திருப்பார்கள், அறை எரியும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டும் படுக்கக்கூடாது. அந்தப் புகையில் வரும் தலையிடியை உயர நோய் என்று நினைத்துப் படுத்தே கிடந்து இறந்துபோவார்கள்.

கூட்டத்துக்குள் இருக்க வேண்டிய முக்கியமான மரியாதை, தலையிடியை மறைக்காமல் சொல்வது. காலையும் மாலையும் ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தலையிடி இருக்கா, சாப்பிட்டதா, நித்திரை வந்ததா? தலையிடியோடு சத்தியும் களைப்பும் இருந்தால் மேலே ஏறக்கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டாலோ, பேச்சு மாறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தாலோ அந்த நேரமே இறக்க வேண்டும், இரவென்றாலும். பெரியவர்களிடம் "நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குக் கரைச்சல் குறையும்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. அசெட்டசோலமைட், டயமொக்ஸ் என்று விற்பது, பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முதல்நாள் தொடங்குவார்கள். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சலம் போகும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். ஊரிலேயே இரண்டு நாள் எடுத்துப் பாருங்கள். நித்திரைக் குளிசையும் சாராயமும் வேண்டாம். சீனி வருத்தக்காரர்கள் இன்சுலினை உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், உறைந்தால் பயனில்லை. மல்லித்தண்ணி நல்லது, சத்துமாவும் கொண்டுபோங்கள், ஏனென்றால் மானசரோவரில் தண்ணீர் 85 பாகையிலேயே கொதித்துவிடும், பிரெஷர் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. மல்லித்தண்ணியால் உயர நோய் மாறாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆக, என்னிடம் கேட்டவர்களுக்கு என் பதில் ஆளுக்கு ஆள் வேறு. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், நடந்தாலே இளைக்கிறவர், கர்ப்பிணி: இந்த வருடம் எங்கேயும் வேண்டாம். வைத்தியர் சரி சொன்னால், அதுவும் பிறகு, தாதோபானி, மார்பாவரை. அறுபது தாண்டி, பிரெஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்: முக்திநாத், வீதியால். நல்ல கால், நாற்பது ஐம்பது வயது, ஆனால் லீவு பத்து நாள்தான்: கேதாரம், மே மாதம். கைலாயம்தான் வேண்டும் என்கிறவர்: முதலில் முக்திநாத் போய் வாருங்கள், உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள், அடுத்த வருடம் லாசா வழியில், அல்லது மூன்று இரவு கேருங் வழியில்.

பெரியம்மாவுக்கு இப்போதும் ஆசை விடவில்லை. ஒருமுறை மூளையில் நீர் கோத்தவருக்கு மறுமுறையும் வரலாம் என்று வைத்தியர் தம்பி சொன்ன பிறகு கைலாயம் என்ற பேச்சை நிறுத்தியிருக்கிறா. வருகிற மார்ச்சில் முக்திநாத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். ஜொம்சொம்மில் இரண்டு இரவுக்குப் பதிலாக மூன்று. முகவர் ஓர் இரவைக் குறைத்தால் இவ்வளவு மிச்சம் என்று கணக்கு அனுப்பினார். அதற்குப் பதில் போட்டதும் பெரியம்மாதான்: "மூண்டு இரவும் இருக்கட்டும் தம்பி."